ஆஸ்பத்திரிப் பையில் உன் காகிதம்

என் தங்கத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நல்லபடியாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அது பொய்யாகிவிடும், சாப்பிடுகிறேன் என்று மட்டும் வைத்துக்கொள். உன் சுகம் கேட்க மூன்று வாரமாகப் போன் போடுகிறேன், நீ எடுப்பதில்லை. என் வார்த்தை உன்னைச் சுட்டுவிட்டது, தெரியும். வானத்தில் கண்காணாத தூசியைப் பார்க்க நேரம் இருக்கிறது, அப்பா முகத்தைப் பார்க்க நேரமில்லையா என்று கேட்டுவிட்டேன். டெலஸ்கோப்பில் நேரம் கேட்டு எழுதிக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள், கொடுத்துவிட்டு மறுநாளே கிளம்புகிறேன் என்றாய், அவர் அந்த ஒரு நாள் தாங்கவில்லை, நீ என்ன செய்வாய்.

போன வாரம் பிரஷர் பார்க்கப் போனேன், அப்பாவுடைய அதே பையைத்தான் எடுத்துப்போனேன். நர்ஸ் என் சீட்டைத் தேடும்போது ஒரு காகிதத்தை எடுத்து, இது யாரோட இதயம்மா இப்படித் துள்ளுது என்று சிரித்தாள். அப்பாவைச் சேர்த்த அன்று அவர் சட்டைப் பையில் இருந்தது அது, மேடும் பள்ளமுமாகக் கோடு, இதயத்துக்கு எடுத்ததென்று நான்தான் உள்ளே வைத்தேன். படுக்கையில் பேப்பர் பத்திரமா பத்திரமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார், எல்லாம் டாக்டர்கிட்ட காட்டியாச்சு பேசாமல் படுங்கள் என்று அதட்டினேன். திருப்பினால் அவர் கையெழுத்து, என் மகள் பிடித்த வெளிச்சம், தூசிக்கு அந்தப் பக்கம் இருந்தது என்று.

பட்டறையில் அவரோடு மரம் இழைத்த ரம்பம் மாமாவிடம் போய்க் கேட்டேன், பேச ஆரம்பித்தால் அறுப்பார், உனக்குத் தெரியுமே. அண்ணி, சும்மா வர்ற வெளிச்சம் தூசியில மாட்டிக்கும், கண்ணுக்குத் தெரியாம சூடா வர்றது மட்டும் தப்பிச்சு வரும், அதைப் பிரிச்சுப் போட்டா இந்தக் கோடு, ஒவ்வொரு மேட்டுக்கும் அண்ணன் விளக்கம் சொல்லுவார் என்றார். தூசி அதிகமா இருக்கிற இடத்துலதான் புது நட்சத்திரம் நிறைய செய்யுறாங்களாம், நம்ம பட்டறை மாதிரி என்று வருகிறவனையெல்லாம் நிறுத்திச் சொல்வாராம். என்னிடம் சொல்லவில்லை. வாசலிலேயே சட்டையை உதறுங்கள் என்று முப்பது வருஷம் கத்தினவளிடம் தூசியைப் பற்றி எப்படிச் சொல்வார். இப்போது தினமும் கூட்டுகிறேன், முறத்தில் ஒன்றும் விழுவதில்லை.

அவர் உன்மேல் வருத்தத்தோடு போகவில்லை கண்ணே, உன்னைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனார். வருத்தம் எனக்குத்தான், அதை உன் தலையில் போட்டேன், மன்னித்துவிடு. நமக்குத் துணி தைக்கிற அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நீ ராத்திரி முழுக்கத் திரையைப் பார்க்காதே, கண்ணாடி மாற்று, வயிற்றைக் காயப்போடாதே. நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். அந்தக் காகிதம் அவருடையது, தர மாட்டேன். எனக்கென்று ஒன்று அனுப்பு, எந்த மேடு என்னவென்று எனக்குப் புரிகிற மாதிரி பெரிய எழுத்தில் எழுது. இல்லையென்றால் போனை எடுத்து நீயே சொல்.

உன் அம்மா