சியாந்தார் வரை ஓர் இருக்கை

1986 ஜூன் 7, சனி

சுமத்ராவின் மாமன்னர் துலாங் அவர்கள் இன்று காலை ஏழு மணிக்கு மேடானிலிருந்து ஏரிக்குப் புறப்பட்டருளினார். பரிவாரம் மூன்று பேர். என் பாரம் தாங்காமல் பேருந்து ஒரு பக்கம் சாய்ந்தே ஓடியது. மலைப்பாதையில் குரங்குகள் குடும்பத்தோடு இறங்கி வந்து சலாம் போட்டன. ஒன்று அழுதது.

இப்படித்தான் எழுதிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எழுத என்ன இருக்கிறது?

நீண்ட விடுமுறை. போன இரண்டு வருடங்களைப் போலவே சனிக்கிழமைதோறும் ஏரிக்கரைப் பராபாட். ரோத்துவா, பார்லின், மேடான் தமிழன் தனபால், நான். நாலு பேரும் ஒரே வகுப்பு. ரோத்துவாவின் அம்மா பேருந்து நிலையம் வரை வந்தார்.

"தம்பி, உன்ன நம்பித்தான் இவள அனுப்புறேன்."

"அந்த ஏரியே கரையேறி வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன் அக்கா."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

தேவாலயத்தில் தூங்கினேன். மீன் நன்றாக இருந்தது.

ஜூன் 14, சனி

ஏரியில் குதித்தேன். நீர் நாலு முழம் ஏறி, எதிரே சமோசிர் தீவில் இரண்டு ஊர்கள் நனைந்தன. மக்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்வி.

"வாய மூடிட்டு குதிச்சிருந்தா ஒரு முழத்தோட நின்னிருக்கும், துலாங்" என்றாள் ரோத்துவா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி எனக்குக் கேட்டது.

அவள் படிக்கல்லில் உட்கார்ந்து முடியைப் பிழிந்தாள். பார்த்தேன். ஏதாவது தோன்ற வேண்டும். மூன்று வருடமாகத் தோன்றித் தோன்றி அந்த இடம் மரத்துவிட்டதோ என்னவோ.

ஜூன் 21, சனி

இன்று தனபால் கேட்டுவிட்டான். ரோத்துவாவும் பார்லினும் மாங்காய் வாங்கப் போயிருந்த நேரம்.

"மச்சான், நீ அவள அப்படிப் பாக்குறியே, அவ உன்ன ஏன் துலாங், மாமான்னு கூப்பிடுறா?"

சொன்னேன். முதல் வருடம், இதே பேருந்து. எங்கள் ஜனத்தில் இருவர் சந்தித்தால் முதலில் குலம் கேட்போம், பிறகு என்ன முறை என்று கண்டுபிடிப்போம், அதற்குப் பிறகுதான் 'சாப்பிட்டாயா' எல்லாம். எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. அவள் அப்பாவின் குலம்தான் என் அம்மாவின் குலம். அப்படிப் போனால் அவள் என் முறைப்பெண். அவள் அம்மாவின் குலம்தான் என் குலம். இப்படிப் போனால் நான் அவளுக்குத் துலாங், தாய்மாமன். பேருந்தில் காலியாக ஒரே இருக்கை. அவளும் நானும் நின்றுகொண்டிருந்தோம். மாமன் நிற்க மருமகள் உட்காரலாமா? "நான் உன் துலாங்! எழுந்து வழி விடு உலகமே!" என்று கத்தினேன். பேருந்தே கைதட்டியது. நான் வழியிலுள்ள சியாந்தார் ஊர் வரை உட்கார்ந்து போனேன்.

அவள் வீட்டில் போய்ச் சொல்ல, அவள் அம்மா என்னைத் தம்பி என்றார். மாமன் துணைக்கு வருகிறான் என்றுதான் அவளை ஏரிக்கு அனுப்புகிறார்.

"அதனால என்ன? எங்க ஜனத்துல தாய்மாமனுக்குத்தான் முதல் உரிமை."

"எங்க ஜனத்துல மாமன் அப்பன் மாதிரிடா. பேச்சே கிடையாது."

தனபால் தலையில் அடித்துக்கொண்டான். "அட கூமுட்ட, ஒரு சீட்டுக்காகவா?"

பிறகு, "இன்னொரு வழிதான் இருக்கே, உங்கம்மா வழி. அதச் சொல்லித் தொலையேன். அவகிட்டயே சொல்லு" என்றான்.

சொல்லலாமா? தப்பு வழியில் மூன்று வருடம் வந்துவிட்டோம், திரும்பிப் போய் அந்த முச்சந்தியிலிருந்து மறுபடி தொடங்கலாம் என்று?

ஜூன் 28, சனி

மழை. சொல்லவில்லை.

ஜூலை 5, சனி

சொல்வதென்று முடிவு. உரை தயார். முகவுரை, வரலாறு, இரு குலங்களின் பதினாலு தலைமுறை. கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கு நரைத்துவிடும், அப்புறம் வேறு யாரும் கேட்க மாட்டார்கள். நல்ல திட்டம்.

மதியம் கரையோரக் கள்ளுக்கடை. பார்லின் எல்லோருக்கும் ஊற்றினான். எனக்கு ஊற்றும்போது மட்டும் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து நீட்டினான்.

"எடுத்துக்கோங்க, துலாங்."

மூன்று வருடமாக நான் அவனுக்கு மச்சான். வாடா, போடா. ரோத்துவா ஒருத்திதான் என்னைத் துலாங் என்பாள். அவளும், நாளை அவளைக் கட்டப்போகிறவனும்.

ரோத்துவாவைப் பார்த்தேன். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது சிவந்திருந்தது.

தனபால் மேசைக்கடியில் என் காலை மிதித்தான். வலித்திருக்க வேண்டும்.

கள் நன்றாக இருந்தது.

ஜூலை 12, சனி

போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். என் காய்ச்சலில் சுமத்ரா முழுவதும் வெந்துகொண்டிருப்பதாகச் செய்தி.

மதியம் ரோத்துவா வந்து வாசலில் நின்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சுடவே இல்ல! துலாங், நீங்க வரலேன்னு அம்மா என்னையும் விடல. பார்லின் பராபாட்ல காத்துட்டு ஒக்காந்திருப்பான்."

"அடுத்த வாரம் வரேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் போனபிறகும் நெற்றியில் அந்தக் கையின் குளிர்ச்சி இருந்தது. கொஞ்ச நேரம்.

ஜூலை 19, சனி

போனேன். இருவர் உட்காரும் மிதிபடகை எடுத்துக்கொண்டு அவர்கள் போனார்கள். நான் கரையில் நாலு செருப்புகளைக் காவல் காத்தேன். ஒன்றும் களவு போகவில்லை.

ஜூலை 26, சனி

போனேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ரோத்துவாவின் அம்மா கூப்பிட்டனுப்பினார். இஞ்சியும் மிளகாயும் போட்ட கெண்டை மீன், முழுசாக, எனக்கென்று. அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார்.

"தம்பி, பார்லின் வீட்டுலேருந்து பேச வராங்க. இவ அப்பா இல்ல. என் கூடப்பொறந்த அண்ணன் தம்பியெல்லாம் தூரத்துல. மூணு வருஷமா அவனப் பாத்தவன் நீதான். நீ வேண்டாம்னா இப்பவே நிறுத்திருவேன். சொல்லு, பையன் எப்படி?"

வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவார். ஒரு சொல் போதும். இரண்டு எழுத்தில்கூட முடித்துவிடலாம், 'குடி' என்று கொஞ்சம் நீட்டி முழக்கினால் போதும்— நான் சொன்னால் நம்புவார். இத்தனை வருடம் நான் அளந்த அளப்பெல்லாம் இதற்கு ஒத்திகையோ?

என்னடா செய்யப்போறே? நல்லவன்தானே அவன்? நல்லவன்தான், பாவி.

"நல்ல பையன் அக்கா."

"அவ்வளவுதானா? நீ எப்பவும் மலையளவு சொல்லுவியே!"

"இது உண்மை அக்கா. அதான் சின்னதா இருக்கு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீனை என் பக்கம் தள்ளினார். முள் மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

கடைசி வாரம். ஏரி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

1987 மார்ச் 21, சனி

பாலிகேயில் கல்யாணம். காலை முதல் சாயங்காலம் வரை பேச்சு, மேளம், மறுபடி பேச்சு. மாமன்மார் வரிசையில் என்னையும் நிறுத்தினார்கள். வயது இருபத்துமூன்று, பக்கத்திலெல்லாம் பல்லுப்போன கிழவர்கள்.

என் முறை வந்தது. நெய்த துணியை எடுத்து இருவர் தோளையும் சேர்த்துப் போர்த்தி, முன்னால் இழுத்து ஒன்றாகப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். பதினேழு ஆணும் பதினாறு பெண்ணும் பெற வேண்டும் என்று வாழ்த்துவது எங்கள் வழக்கம். என் வாழ்நாளில் இத்தனை பெரிய அளப்பை நான் அளந்ததில்லை. வழக்கப்படியே சொன்னேன். ஒன்றுகூடக் கூட்டவில்லை.

"என்ன துலாங், இன்னும் நூறு சேத்துச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்று துணிக்குள்ளிருந்து ரோத்துவா கிசுகிசுத்தாள்.

"முப்பத்துமூணுக்குப் பேர் வைக்கவே உனக்கு நேரம் பத்தாது, போ."

சிரித்தாள். பார்லின் அழுதான். அவன் எப்போதும் அப்படித்தான்.

மார்ச் 22, ஞாயிறு

தனபாலும் நானும் மேடான் திரும்பினோம். பேருந்தில் ஒரே இருக்கை காலி.

"ஒக்காரு மச்சான்."

"நீ ஒக்காரு."

"டேய், அஞ்சு மணி நேரம்டா."

"ஒக்காருடா."

உட்கார்ந்தான். பராபாட் வந்தது, போயிற்று. யாரோ குளித்துக்கொண்டிருந்தார்கள். சியாந்தார் வரை நின்றேன். அங்கே சிலர் இறங்க, எனக்கும் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஓர் அம்மாள், அவருக்கு அந்தப் பக்கம் அவர் மகள். மடியில் மாங்காய்க் கூடை.

"நீங்க என்ன குலம் தம்பி?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

தூங்குகிறவன் போல் கண்ணை மூடிக்கொண்டேன்.