கருப்பு பூசிய நாலு கிலோமீட்டர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டீர்கள் என்றால், மிச்சத்தையும் தயவுசெய்து படித்துவிடுங்கள். என் மகள், நம் வாலு, போய் இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது. நீங்கள் கடல் தாண்டிப் போயும் இரண்டு வருடம். இத்தனை நாளில் நீங்கள் எனக்கு ஒரு வரி எழுதவில்லை, நானும் உங்களுக்கு எழுதவில்லை. எழுதாமல் இருக்க உங்களுக்குக் காரணம் இருந்தது. எனக்கு இருந்தது வெறும் பயம்.

இங்கே எனக்கு முட்டி வலி, உங்கள் அத்தைக்கு ரத்த அழுத்தம். இரண்டும் மாத்திரைக்கு அடங்கி இருக்கின்றன. எதிர் வீட்டுப் பேராசிரியர் மாடி கட்டுகிறார். விடிந்தால் போதும், மண்டைக்குள் துளை போடுகிற மாதிரி மிஷின் சத்தம். வேறு விசேஷம் எதுவும் இல்லை என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் உங்கள் பைக் வந்திருக்கிறது.

விபத்து வழக்கு முடிந்தது, வண்டியை எடுத்துப் போகலாம் என்று காவல் நிலையத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். நீங்கள் ஊரில் இல்லாததால் நான் போய்க் கையெழுத்துப் போட்டு, ஒரு சின்ன லாரியில் ஏற்றி, தெரு முக்கில் இருக்கும் மெக்கானிக்கிடம் இறக்கினேன். பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்றுதான் நினைத்திருந்தேன். அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இன்ஜினுக்கு ஒண்ணுமே ஆகல சார், முன் சக்கரத்தைத் தாங்குற போர்க் மட்டும்தான் வளைஞ்சிருக்கு. உயிரோட இருக்கிற வண்டி சார் இது" என்றார். அந்தச் சொல் எனக்குத் தாங்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் நான் வெளியே போயிருந்த நேரத்தில் அவர் வந்து உங்கள் அத்தையிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்திருக்கிறார். சீட்டைக் கழற்றியபோது பாட்டரிக்குப் பக்கத்தில் செருகியிருந்ததாம். எட்டாக மடித்த சாலை வரைபடம். ஓரத்தை எலி கடித்திருந்தது. என் கையெழுத்தை எலிகூடத் தொடவில்லை.

அது என்ன வரைபடம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு தடவையாவது அதை என் கையால் எழுதியாக வேண்டும். சாலை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வரைபடம் வரைந்தவன் நான். தார்ச் சாலைக்குக் கருப்புக் கோடு, ஜல்லிச் சாலைக்குச் சிவப்புப் புள்ளி. எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. தார் போட உத்தரவு போய்விட்டால், வருடக் கடைசியில் அந்தச் சிவப்புப் புள்ளியின் மேல் கருப்பைப் பூசிவிடுவோம். தார் பின்னால் வரும். சில இடங்களுக்கு வராமலே போகும். மேலதிகாரிகளுக்குப் படம் முழுக்கக் கருப்பாக இருந்தால் சந்தோஷம், எங்களுக்கு வேலை மிச்சம். இதை வைத்துக்கொண்டு எவன் வண்டி ஓட்டப் போகிறான் என்ற தைரியம்தான்.

என் மகள் வைத்துக்கொண்டாள். அப்பா வரைந்தது தப்பாக இருக்காது என்று நம்புகிற பைத்தியம் அவள். நீங்கள் இருவரும் மலைக்குப் போகிற பயணத்துக்காகச் சாப்பாட்டு மேசை முழுக்க அதை விரித்துப் போட்டு, மூன்று கலர் பேனாவோடு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? எங்கே பெட்ரோல் போடுவது, எங்கே தங்குவது, எந்த வளைவில் நின்றால் பள்ளத்தாக்கு முழுசாகத் தெரியும் என்று குறித்துக்கொண்டே இருந்தாள். மேலே கணவாய் இருக்கும் இடத்தில் ஒரு வட்டம் போட்டு, "இங்கே ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். பேசக் கூடாது" என்று எழுதினாள். வாயை மூடாதவள் எழுதிய வாக்கியம் இது. நாம் மூன்று பேரும் சிரித்தோம்.

நீங்கள்தான் கேட்டீர்கள். "மாமா, நடுவுல எங்கயாவது ஜல்லி இருக்கா? இருந்தா சுத்து வழியா போயிடுறோம், பின்னாடி இவளும் இருக்கா" என்று கேட்டீர்கள். அந்தப் பத்தொன்பதாவது வளைவுக்கு அப்புறம் நாலு கிலோமீட்டரை முந்தின வருடம்தான் நான் கருப்பாக்கியிருந்தேன். தார் போட்டார்களா என்று எனக்குத் தெரியாது. ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். எழுந்து போகச் சோம்பல். உங்களைக் கிண்டல் செய்வதில் ஒரு குஷி வேறு. "என்ன மாப்பிள்ளை, தார் ரோட்டுக்கே நடுக்கமா?" என்றேன். அவள் பேனாவைப் பிடுங்கி, "முழுக்கத் தார். பயமில்லாமல் போகலாம்" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

பத்தொன்பதாவது வளைவில், ஓடைக்கு இறங்குகிற இடத்தில், தார் முடிந்து ஜல்லி ஆரம்பித்ததும் வண்டி சறுக்கியது என்று ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் சொன்ன அந்த நொடியே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, மாப்பிள்ளை. யாரும் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் உங்களைப் பார்க்க வைத்தேன். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தீர்கள். "வண்டி ஓட்டத் தெரியாதவனுக்கு என் பொண்ணைக் குடுத்துட்டேனே" என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். நீங்கள் நிமிர்ந்து ஒரு தடவை என்னைப் பார்த்தீர்கள். போலீஸ்காரரிடம், "நான்தான் சார் வேகமா வந்துட்டேன்" என்றீர்கள். அந்தப் படம் ஓடையில் விழுந்து தொலைந்துபோயிருக்கும் என்று இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். நம்பினேன் என்ன, வேண்டிக்கொண்டேன். உடைந்த கையோடு நீங்கள் அதை மடித்து சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள், என் மானம் போகக் கூடாது என்று.

உங்கள் அத்தை அதை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது உங்க எழுத்துதானே?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன், கத்தவில்லை. "அன்னிக்கு அந்தப் புள்ளையை வாசல்லயே நிறுத்திட்டேனே. பொண்டாட்டி முகத்தைக் கடைசியா ஒரு தடவை பாக்க விடலையே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதற்கப்புறம் பதினோரு நாள் என்னோடு ஒரு வார்த்தை இல்லை. சோறு வைத்தாள், மாத்திரை எடுத்து வைத்தாள், அவ்வளவுதான்.

பன்னிரண்டாவது நாள் பஸ் ஏறி அந்த மலைக்குப் போனேன். பத்தொன்பதாவது வளைவில் இறக்கிவிடச் சொன்னேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு அந்தத் துண்டு முழுவதையும் நடந்து அளந்தேன். இன்னும் ஜல்லிதான். நாலு கிலோமீட்டர் இருநூற்று அறுபது மீட்டர். ஓடைக்குப் பக்கத்தில் ஒரு பாறை இருக்கிறது. அதில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அவள் போனபோதுகூட நான் அப்படி அழவில்லை, அன்றைக்குத் திட்டுகிற வேலை இருந்தது.

ஊர் திரும்பியதும் நேராகப் பழைய அலுவலகத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். என் நாற்காலியில் இப்போது இருப்பவர், "விடுங்க சார், பழைய கதை" என்றார். சிவப்புப் புள்ளி வைக்காமல் நகர மாட்டேன் என்று அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் கதவைப் பூட்டுகிற நேரத்தில் வைத்தார். கிழவன் பிடிவாதம் அந்த அளவுக்காவது உதவியது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவள் போட்ட திட்டத்தை நாம் முடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வண்டி தயார், போர்க் மாற்றியாயிற்று, டயர் இரண்டும் புதுசு. ஜல்லி வந்ததும் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார் மெக்கானிக். முன் பிரேக்கைத் தொடவே கூடாதாம். உங்களுக்குத் தெரியாததா! முதல் நாள் அடிவாரம் வரை தார், மதியத்துக்குள் போய்விடலாம். அவள் குறித்த விடுதி இன்னும் இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் மலை. இரண்டாம் நாள் வெயில் ஏறுவதற்கு முன்னால் வளைவுகளை முடித்துவிட வேண்டும். ஓடைக்குப் பக்கத்தில் நிறுத்துவோம். பிறகு கணவாய். அங்கே ஒரு மணி நேரம், அவள் எழுதியபடி, பேசாமல் உட்காருவோம்.

புதுசாக ஒரு படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். கோடு அங்கங்கே கோணல்தான். ஆனால் இந்தத் தடவை கண்ணால் பார்த்து, காலால் மிதித்ததை மட்டும்தான் பூசியிருக்கிறேன். ஓரத்தில் எதுவும் எழுதவில்லை.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதைக் கேட்கிற யோக்கியதையை அந்த ஆஸ்பத்திரியிலேயே தொலைத்துவிட்டேன். நீங்கள் வந்து, நான் கத்தியதைப் போல இரண்டு மடங்கு கத்தினாலும் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறேன். வராமல் இருந்தாலும் உங்கள் மேல் தப்பு இல்லை. யார் கேட்டாலும் இனிமேல் நடந்ததை நடந்தபடியே சொல்வேன், நம் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியும் விட்டேன். நேற்று இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு உங்கள் அத்தை பக்கத்தில் வந்து நின்றாள். "வரச் சொல்லுங்க. வாசல்ல நிக்க வேணாம், நேரா உள்ள வரணும்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், மாப்பிள்ளை. அந்தக் கை குளிரில் வலித்தால் கம்பளி சுற்றிக்கொள்ளுங்கள். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் நீங்கள். எனக்கென்று ஒரு ஹெல்மெட் வாங்கி வைத்திருக்கிறேன். நீங்கள்தான் ஓட்ட வேண்டும். உங்கள் பின்னால் உட்கார எனக்குப் பயமில்லை.

இப்படிக்கு,
வாலுவின் அப்பா,
உங்கள் மாமா.