கையை விடாத அம்மாள்

அம்மா, முதலில் எனக்கு ஆசி கொடு. உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? என் மகள் நெய்டா உன்னைப் படுத்தாமல் சாப்பிடுகிறாளா?

எல்லை தாண்டி வந்த இந்தக் கார்த்தஹேனா நகரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நேற்று ஒரு வேடிக்கை நடந்தது. கோட்டைமதிலுக்குள் பயணிகளை நடத்திக் கூட்டிப்போய், ஸ்பானியர் காலத்து வீடுகளின் மரப் பால்கனிகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். உள்ளூர் வழிகாட்டி ஒருவன் குறுக்கே வந்து நின்றான்.

"ஏய் வெனிசுவேலாக்காரி, லைசென்ஸ் எங்க? போலீஸக் கூப்பிடவா?"

எனக்குத்தான் லைசென்ஸ் கிடையாதே. கூட்டத்தில், தலைநகர் பொகோட்டாவிலிருந்து வந்திருந்த அம்மாள் ஒருத்தி முன்னால் வந்து என் கையைப் பிடித்தாள்.

"என் பொண்ணு எனக்கு ஊரச் சுத்திக் காட்டுறா. உனக்கென்னப்பா வந்துச்சு?"

அவன் முணுமுணுத்துக்கொண்டே விலகினான். தெருமுனை வரை அவள் கையை விடவில்லை.

"அவன் ஆளக் கூட்டிட்டு வருவான். இனிமே இந்தப் பக்கம் வராதம்மா" என்று சொல்லிக் கையைத் தளர்த்தினாள். அப்போது நான்தான் விடவில்லை அம்மா. நடுத்தெருவில் அவள் தோளில் விழுந்து அழுதேன்.

வேறு வேலை கிடைத்துவிடும், கவலைப்படாதே. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பஸ் டிரைவர் இங்கே திரும்பும்போது நெய்டாவின் போட்டோ ஒன்றும் என் பழைய ரப்பர் செருப்பும் கொடுத்தனுப்பு. இருப்பது அறுந்துவிட்டது.

டிரைவர் ஹார்ன் அடிக்கிறான்.

செருப்பு வேண்டாம் அம்மா. 'வந்துவிடு' என்று ஒரு வார்த்தை எழுது. வெறுங்காலோடு வந்துவிடுகிறேன்.

உன் யுஸ்மாரி