சத்தம் கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது

மார்ச் 10, செவ்வாய்

காலையில நல்ல பனி. அப்புறம் சுள்ளுன்னு வெயில். பீலியில தண்ணி நூலாட்டம் வருது. ஒரு வாளி புடிக்கிறதுக்குள்ள இடுப்பு போச்சு.

செய்ய வேண்டியது:
கஞ்சி வடிகட்டணும்.
வீட்டுக்காரரோட தொண்டை டியூப் கழுவணும்.
கம்பளி காயப் போடணும்.
பிள்ளைமடுவத்துக்கு இன்னும் ஒரு வாரம் லீவு கேக்கணும். (வெல்பெயார் ஐயா மூஞ்சிய தூக்குவார். தூக்கட்டும். தோட்டத்துல கொழுந்து எடுக்குறவங்க புள்ளைங்கள பாக்க இன்னொரு ஆயா இருக்கா. இவரைப் பாக்க நான் மட்டும் தான்.)

கோயில்ல நேத்து காப்பு கட்டியாச்சு. இனி பத்து நாளைக்கு விடிஞ்சதுலேருந்து பாட்டு. இந்த வருசம் குழாய் ஸ்பீக்கர எங்க லயத்து வீடுங்களுக்கு முன்னாடி போஸ்ட்ல கட்டித் தொலைச்சிருக்காங்க. நேரா நம்ம ஜன்னல பாத்து. தகரம் அதிருது.

பாட்டு போட்டதும் அவர் கண்ணுல தண்ணி. கைய எடுத்து காதுல வச்சுக்கிட்டார். பாவம் மனுசன். தொண்டையில வந்த நோய் பேச்ச புடுங்கிருச்சு, வலிக்குதுன்னு கூட சொல்ல முடியல. ஆஸ்பத்திரியில "இனி வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்க"ன்னுட்டாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா.

பக்கத்து காம்பரா பாக்கியக்காகிட்ட சொன்னேன். "சாமி பாட்டு கேட்டு யாரும் செத்ததில்ல ஆயாம்மா"ங்குது. நல்ல வாய்.

மார்ச் 11, புதன்

அதே பாட்டு. அதே கண்ணீர். அதே மாதிரி காதுல கை.

கோயில் தலைவர்கிட்ட போனேன். நல்ல மனுசன் தான். "வருசத்துல பத்து நாள் தானே ஆயாம்மா. சாமி காரியம். கொறச்சு வைக்கச் சொல்றேன்"னார். கொறச்சாங்க. நான் வீடு வந்து தேத்தண்ணி ஊத்துறதுக்குள்ள திரும்ப கூட்டிட்டாங்க.

சாயந்திரம் சுதா கொழும்புலேருந்து போன். கடையில லீவு தரலியாம். சனிக்கிழம வரப் பாக்குறாளாம். நான் பேசுறது அவளுக்குக் கேக்கல, பாட்டு தான் கேக்குது. "என்னம்மா இது! அப்பாவ அங்க வச்சுக்கிட்டு? இப்ப பிரதேச சபையில சத்தத்துக்குச் சட்டம் இருக்கும்மா. போய் கம்ப்ளெய்ன் குடுங்க"ன்னா.

சாமி குத்தம் ஆகுமோ? ஆனா ஆகட்டும். சாகப் போற மனுசனுக்கு நிம்மதி வேணாமா.

மார்ச் 12, வியாழன்

பாக்கியக்காவ இவர்கிட்ட உக்கார வச்சிட்டு பஸ் புடிச்சு சபைக்குப் போனேன். பஸ்ல கூட்டம், கைப்புள்ளைங்க, கருவாட்டு வாடை.

யாழ்ப்பாணத்து மிஸ் ஒருத்தங்க. சின்ன வயசு. "இருங்கோ அம்மா. ஆறுதலாச் சொல்லுங்கோ"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்கே எனக்கு அழுகை வந்துருச்சு. எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க. "இந்தச் சட்டம் உங்கள மாதிரி ஆக்களுக்காகத்தான் கொண்டு வந்தது. நீங்கள் பயப்பிடாதேங்கோ, உங்கட பேர் வெளியில போகாது."

நான் பஸ்ஸ விட்டு எறங்குறதுக்குள்ள பேர் தோட்டம் பூரா போயிருச்சு.

மார்ச் 13, வெள்ளி

மிஸ் வந்தாங்க, பொலிஸ்காரர் ஒருத்தரோட. கோயில் வாசல்ல பெரிய பேச்சு. நான் போகல, ஜன்னல்லேருந்து பாத்தேன்.

முடிவு: குழாய் ஸ்பீக்கர் கூடவே கூடாது. பெட்டி ஸ்பீக்கர் ரெண்டு, கோயிலுக்கு உள்ள மட்டும். சத்தம் கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினா திருவிழா பெர்மிட் ரத்து.

குழாய போஸ்ட்லேருந்து எறக்குனாங்க. அப்பாடா. லயத்துல ஒரு அமைதி. கம்பளிய போத்திக்கிட்டு நானும் கொஞ்சம் கண்ண மூடினேன். எவ்வளவு நாளாச்சு.

பீலிக்குப் போனா யாரும் பேசல. தலைவர் சம்சாரம் புள்ளைங்கள பாத்து, "சத்தம் போடாதீங்கடா. ஆயாம்மா சபைக்குப் போயிருவாங்க"ன்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் வாளிய நெறச்சுக்கிட்டு வந்துட்டேன். என்னமும் சொல்லிட்டுப் போகட்டும்.

மார்ச் 14, சனி

மேகம். மழை வரும்போல இருந்துச்சு, வரல.

சுதா வரல. அடுத்த வாரமாம்.

அவர் சரியில்ல. தூங்கல. கஞ்சி வேணாம்னு தலைய ஆட்டுறார். கரண்டியால கட்டில் சட்டத்துல தட்டுறார். தட்டிட்டு என்னைப் பாக்குறார். திரும்பத் தட்டுறார். கையால காட்டிக் கேட்டேன், தேத்தண்ணியா? இல்ல. தண்ணியா? இல்ல. ஒன்னுக்கா? இல்ல. கோவத்துல கரண்டிய வீசிட்டார். நானும் கத்திட்டேன், "என்ன தான் வேணும் உங்களுக்கு"ன்னு. கத்தினது அவருக்குக் கேட்டிருக்காது. பெக்டரி ரோலர் காம்பராவுல, தேயிலை உருட்டுற மெசினுக்குப் பக்கத்துல நின்னு நின்னு காது முன்னாடியே முக்காவாசி போன ஆளு.

லயத்துல ஒரு ரேடியோ கூட பாடல. வேணும்னே செய்றாங்க. இந்த அமைதியும் ஒரு மாதிரி அடிக்கிற மாதிரி தான் இருக்கு.

மார்ச் 15, ஞாயிறு

எழுத கை வரல. ஆனா எழுதணும்.

முத்தையாண்ணே வந்தார். இவரும் அவரும் பெக்டரியில ஒரே ரோலர்ல நின்னவங்க. அங்க மெசின் சத்தத்துல வாயால பேசி ஆகாது, எல்லாம் கைப்பேச்சு தான். வந்து உக்காந்தவுடனே ரெண்டு பேரும் கையால பேச ஆரம்பிச்சாங்க. எனக்கு அதுல தண்ணி, சாப்பாடு, வா, போ, அவ்வளவு தான் தெரியும். இவர் கை என்னமோ கேக்குது. முத்தையாண்ணே மூஞ்சி மாறிப் போச்சு.

"தங்கச்சி, பாட்டு ஏன் நின்னுச்சுன்னு கேக்குறான்."

"அவருக்கு வலிக்குதுன்னு தான் நிறுத்தச் சொன்னேன் அண்ணே. காத பொத்திக்கிட்டு அழுதாரே."

முத்தையாண்ணே திரும்ப கையால கேட்டார். இவர் பதில் சொல்லிட்டு என்னையே பாத்தார்.

"பொத்தல தங்கச்சி. கைய குவிச்சு காதோரம் வச்சு கேட்டிருக்கான். கொஞ்ச நாளா ஒன்னுமே கேக்கலியாம் அவனுக்கு. உன் கொரலு கூட கேக்கலியாம். அந்தக் குழாய் சத்தம் மட்டும் கேட்டுச்சாம். அந்த சந்தோசத்துல தான் அழுதிருக்கான். இப்ப அதுவும் நின்னதும், மிச்சக் காதும் போயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு கெடக்கான்."

கரண்டியால தட்டினது அதுக்குத் தான். கேக்குதான்னு பாத்திருக்கார்.

நான் ஒரு மடச்சி. இத்தன வருசம் கூட வாழ்ந்து, கைய காதுல வச்சா என்னன்னு தெரியல எனக்கு. அவர் கால புடிச்சுக்கிட்டு அழுதேன். அவர் என் தலையில தட்டிக் குடுத்தார், புள்ளைக்குத் தட்டுற மாதிரி. அது இன்னும் தாங்க முடியல.

பாக்கியக்கா சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாத்தையும் கேட்டிருக்கு. தன்னோட ரேடியோவ தூக்கிட்டு வந்து அவர் காதோரம் வச்சு முழுசா திருகுச்சு. தலைய ஆட்டிட்டார். கேக்கல.

கோயிலுக்கு ஓடினேன். தலைவர் கோவப்படல. அது தான் கஷ்டமா இருந்துச்சு. "குழாய கட்டினா பெர்மிட்ட கிழிச்சிருவாங்க ஆயாம்மா. ஊர் திருவிழா. நான் என்ன பண்றது? நீங்க சொல்லி வந்த சட்டம், நீங்களே போய் சொல்லிப் பாருங்க."

மார்ச் 16, திங்கள்

சபைக்கு முதல் ஆளா போனேன். கதவு தொறக்கல.

மிஸ்கிட்ட எல்லாம் சொன்னேன். அவங்க பேனாவ கீழ வச்சிட்டாங்க. "ஐயோ அம்மா. நீங்கள்தானே முறைப்பாடு தந்தனீங்கள்? ஒருக்கா கட்டளை போட்டால் சபைத் தவிசாளர்தான் மாத்தலாம். அவர் கொழும்புக்குப் போயிட்டார். புதன்கிழமை வாங்கோ, நான் கதைச்சு வைக்கிறன்." கண்ணு கலங்கிருச்சு அவங்களுக்கும். அவங்க மேல என்ன தப்பு.

புதன் வரைக்கும் தாங்குவாரா?

திரும்பி வர்றப்ப கோயில் கிட்ட தலைவர் நின்னார். விசயத்தச் சொன்னேன். "சத்தம் எல்லைய தாண்டக் கூடாதுன்னு தானே சட்டம்? ஆள் எல்லைக்குள்ள வரலாமில்ல? தூக்கிட்டு வந்துருவோம் ஆயாம்மா. ஸ்பீக்கர் பெட்டி பக்கத்துலயே உக்கார வைப்போம். பெட்டிய கட்டிப் புடிச்சுக்கிட்டு கேக்கட்டும் மனுசன்"னார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

நாளைக்கு மத்தியான பூசைக்கு. பெக்டரிப் பையன்க நாற்காலியோட வர்றாங்க.

முத்தையாண்ணேகிட்ட கைப்பேச்சு கேட்டுக்கிட்டேன். நாளைக்கு. கோயில். பாட்டு. நானே அவருக்குச் செஞ்சு காட்டினேன். தப்புத் தப்பா செஞ்சேன் போல, சிரிச்சார்! அப்புறம் தாடைய தடவிக் காட்டினார். சவரம் பண்ணணுமாம். மாப்பிள்ளைக்கு நெனப்பு தான்.

பண்ணி விட்டேன். கன்னத்துல எலும்பு தான் இருக்கு. கஞ்சி நாலு வாய் எறங்குச்சு.

வெள்ளச் சட்டை தொவச்சுப் போட்டாச்சு. காயுமா தெரியல.

மார்ச் 17, செவ்வாய்

வெயில். சட்டை காஞ்சிருச்சு.

போட்டு விட்டாச்சு. திருநீறு வச்சாச்சு. ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே இருக்கார். பையன்க வர்ற நேரம். மூச்சு கொஞ்சம் வாங்குது. பரவாயில்ல, கிட்ட தான் கோயில். கம்பளி, தண்ணி, துவாய் எடுத்து வைக்கணும்.

வந்துட்டாங்க.

—

போயிட்டார்.

நாற்காலியில உக்கார வச்சு தூக்கினாங்க. வாசல்ல உள்ள தண்ணிக் கான் கூட தாண்டல. தல என் பக்கம் சாஞ்சுச்சு.

சுதாவுக்குச் சொல்லியாச்சு. அழுதுக்கிட்டே பஸ் ஏறிட்டா.

மார்ச் 18, புதன்

தோட்டத்துல சாவு. கோயில் கதவ சாத்திட்டாங்க. பொணம் எடுக்குற வரைக்கும் பூசை இல்ல.

சுதா வந்துட்டா. நான் தானே கம்ப்ளெய்ன் பண்ணச் சொன்னேன்னு ஒரே வார்த்தைய சொல்லிக்கிட்டு கெடக்கா. "விடுடி"ன்னேன். எனக்கே விட முடியல.

தலைவர் வந்தார். கையில காப்பு இருக்கு, சாவு வீட்டுக்குள்ள வர முடியாது. கானுக்கு அந்தப் பக்கமே நின்னார். துண்டால மூஞ்சிய தொடச்சிட்டு சொன்னார்: "சபை மிஸ்கிட்ட போன்ல கேட்டேன் ஆயாம்மா. செத்த வீட்டுக்கு குழாய் போடலாமாம். அதுக்குத் தடை இல்லியாம். பெர்மிட்டும் வேணாமாம்."

செத்த வீட்டுக்குத் தடை இல்ல.

காப்பு கட்டாத பையன்க குழாய தூக்கிட்டு வந்தாங்க. எங்க கட்டணும்னு கேட்டாங்க. ஜன்னலுக்கு நேரா, அவர் தலைமாட்டுப் பக்கம் பாத்துக் கட்டச் சொன்னேன். பயந்து பயந்து கொறச்சு வச்சாங்க. நான் தான் நல்லா கூட்டச் சொன்னேன்.

தோட்டத்து அடியில இருக்குற கீழ்க்கணக்கு லயம் வரைக்கும் எல்லாருக்கும் கேக்குதாம்.