நாலாயிரம் தவளைகள்

ஜூன் 3, செவ்வாய்

இன்று தவளைகள் நூற்று நாற்பது.

என் மகள் உருண்டை மடியில் தூங்கும்போது என் வலது கை அவளுடையது. மிச்சமிருக்கும் இடது கையால் செய்ய முடிகிற ஒரே காரியம் இந்த வீடியோ கேம்தான். ஆலை வீட்டுக்குள் போக வேண்டும், வெளியே வர வேண்டும், குளத்தோரம் நிற்கும் தவளையை ஓர் அடி அடிக்க வேண்டும். மறுபடி உள்ளே போய் வெளியே வந்தால் அதே இடத்தில் அதே தவளை. ஒரு தவளைக்குக் கொஞ்சூண்டு பாயிண்ட். பாயிண்ட் சேர்ந்தால் லெவல் ஏறும். லெவல் ஏறினால் பலம்.

கொழுந்தன் புது மெஷின் வாங்கியதும் பழையதை இங்கே கொண்டுவந்து டிவியில் மாட்டிவிட்டுப் போய் ஒரு மாதமாகிறது. அடிக்கிற பட்டனை இடது விரலுக்கு மாற்றிக் கொடுத்ததும் அவன்தான். "நாலு சுவரையே பாத்துட்டு இருக்காதீங்க அண்ணி. இதுக்குள்ள பெரிய உலகமே இருக்கு, சுத்திப் பாருங்க."

அந்த உலகத்தின் முதல் ஊரை நான் இன்னும் தாண்டவில்லை. ஊர் எல்லையில் ஒரு பாலம் இருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்ச் செத்தால், கிணற்றடியில் கடைசியாக சேவ் செய்த இடத்துக்கே திரும்ப வேண்டும். பாதியில் உருண்டை விழித்துவிட்டால்? அதனால் இன்னும் கொஞ்சம் பலம் சேர்த்துக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன்.

லெவல் 52. பாலத்தைத் தாண்டப் பத்தே போதுமாம்.

ஜூன் 5, வியாழன்

கிளினிக்கிலிருந்து நர்ஸ் போன் செய்தார். "தட்டம்மை ஊசி ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சுங்க. ஒன்பதாம் மாசம் போட வேண்டியது, இப்ப பத்தே முடியப் போகுது."

சளி என்றேன். சளி இல்லை. நான் சொல்லி முடிக்கும்வரை உருண்டை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், மூக்கு பளிச்சென்று.

இவரில்லாமல் குழந்தையோடு நான் வெளியே போவதில்லை. ஏழு மாதமாக. இவருக்கோ லீவு இல்லை, பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு லிஃப்டையும் மாற்றுகிறார்கள். லிஃப்ட் மெக்கானிக்கின் பெண்டாட்டி, லிஃப்டே இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பு வருகிறது, வேறென்ன வரும்.

வாசலோரம் இருக்கும் பையைத் திறந்து மறுபடி அடுக்கினேன். பால் பாட்டில் இரண்டு, துணி ஆறு, தெர்மாமீட்டர், காய்ச்சல் மருந்து, மூக்கு உறிஞ்சி, டார்ச், இன்னொரு தெர்மாமீட்டர். முதலாவது கெட்டுப்போனால்?

ஜூன் 8, ஞாயிறு

கொழுந்தன் வந்திருந்தான். டிவியைப் போட்டவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணி... லெவல் அம்பத்தாறா? முதல் ஊர்லயா?"

"ஏன், தப்பா?"

"தப்பில்ல. அந்தத் தவளைக் குடும்பம்தான் உங்க மேல கேஸ் போடும்."

பிறகு சீரியஸாகவே வருத்தப்பட்டான். "இப்பவே இவ்ளோ பலமாயிட்டா அப்புறம் ஆட்டத்துல என்ன இருக்கு? போற இடமெல்லாம் ஒரே அடில விழும். சப்புனு போயிடும்."

"நாள் பூரா தோக்கறவளுக்கு ஒரே அடில விழறதுதான்பா வேணும்."

"நீங்க எங்க அண்ணி தோத்தீங்க? பாலத்தையே தாண்டலையே!"

உட்காருவதற்காகப் பையை நகர்த்தப் பார்த்தான், முடியவில்லை. இரண்டு கையாலும் தூக்கினான். "இந்தப் பையத் தூக்கறதுக்குத்தான் லெவல் அறுபது வேணும்."

இவருக்கு வேகம் வந்துவிட்டது. "டேய், உங்க அண்ணியச் சாதாரணமா நினைக்காத. பஸ்ல பாப்பாவுக்கு மூச்சு நின்னுபோச்சு, சுத்தி இருந்தவங்கல்லாம் வேடிக்கை பாக்கறாங்க, ஒத்தை ஆளா நின்னு காப்பாத்தினா தெரியுமா?"

எத்தனையாவது முறை இது? எழுந்து சமையலறைக்குப் போய், எப்போதோ அணைத்துவிட்ட அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 9, திங்கள்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

நான் காப்பாற்றவில்லை.

உருண்டைக்கு அப்போது மூன்றாவது மாதம். எடை பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். குடித்த பால் திடீரென்று மேலேறி வந்தது. பிறகு சத்தமே இல்லை. உதடு நிறம் மாறியது. என் கை — கை இருந்தது, வேலை செய்யவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பெற்ற குழந்தைக்கு மூச்சு நிற்கும்போது கண்ணை மூடிக்கொண்டவள் நான்.

யாரோ மடியிலிருந்து பிடுங்கினார்கள். முதுகில் தட்டுகிற சத்தம். அப்புறம் அழுகை. கண்ணைத் திறந்தபோது பக்கத்து சீட்டுப் பெண்மணி, தோளில் ஆபீஸ் பை, குழந்தையை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லம்மா, வந்துடுச்சு" என்றவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். முகம்கூட ஞாபகமில்லை.

சாயங்காலம் இவர் ஓடி வந்தார். "என்ன பண்ணின?" என்றார். "திருப்பிப் போட்டு முதுகுல தட்டினேன்" என்றேன். அந்தம்மா தட்டினாங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. அன்றிலிருந்து அது இவருடைய கதை. நான் அதற்குள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

லெவல் 60. பாலம் தாண்டினேன்!

ஓநாய் ஒரே அடி. கொள்ளைக்காரர்கள் ஐந்து பேர், ஐந்து அடி. கரடியைப் பார்த்துப் பயந்து தெரியாமல் பட்டனைத் தொட்டுவிட்டேன், அதுவும் செத்தது. தூங்குகிற குழந்தை குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். எது சப்பென்று போகும் என்றான் கொழுந்தன்? எத்தனை நாள் கழித்து நான் ஒரு தெருவில் நிமிர்ந்து நடக்கிறேன், அது டிவிக்குள் இருந்தால்தான் என்ன.

ஜூன் 14, சனி

மூன்று ஊர்கள் முடிந்தன. எந்த ஊரில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜூன் 16, திங்கள்

மலையுச்சியில் கல் அரசன். பாதி ஆட்டத்துக்கு இவன்தான் பெரிய ஆள். மலை இரண்டாகப் பிளந்து, இசை முழங்க, மாடி உயரத்துக்கு எழுந்து நின்றான். இரண்டு அடி. அவ்வளவுதான்.

கொழுந்தனுக்கு போன் செய்தேன்.

"எத்தனாவது தடவைல செத்தான் அண்ணி?"

"முதல் தடவைதான். ரெண்டாவது அடில."

"பேசி முடிச்சானா?"

"'என் மலையை மிதித்த எவரும்'னு ஆரம்பிச்சான். அதுக்குள்ள..."

சிரிப்பான் என்று நினைத்தேன். பெருமூச்சு விட்டான். "நான் நாப்பத்து மூணு தடவை செத்தேன் அண்ணி. அடிக்கறதுக்கு முன்னாடி அவனோட இடது தோள் ஒரு விரல் அளவு ஏறும். ஏறின உடனே வலப்பக்கம் உருண்டுடணும். அதக் கண்டுபிடிக்கவே எனக்குப் பன்னண்டு நாள் ஆச்சு. இப்பவும் தெருவுல எவனாவது தோளத் தூக்கினா நான் ஒதுங்கிடறேன்."

அவன் முகத்தில் மீசை இருந்ததா, இல்லையா? கல் அரசனைத்தான் கேட்கிறேன். கொன்றவள் நான், எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மெஷினைப் போட்டேன். பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டேன். இனி எங்கே போனாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. அதற்காகத்தானே ஒரு மாதம் தவளை அடித்தேன்? பிறகு ஏன் போகவே தோன்றவில்லை?

கொழுந்தன் சொன்னது சரியென்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. முதல் இரண்டு நாள் சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் ஒன்று புரிகிறது. பலம் குறைந்தவன் எதிரே நிற்பவனைப் பார்த்தே ஆக வேண்டும். கொழுந்தன் பார்த்தான், நாற்பத்து மூன்று தடவை. நான் அடித்ததும்கூட ஒருவகையில் கண்ணை மூடிக்கொண்டதுதான்.

ஜூன் 19, வியாழன்

பின் தெருவில் இரண்டு குழந்தைகளுக்குத் தட்டம்மை. நர்ஸ்தான் சொன்னார். இந்த முறை அவர் குரலில் அலுப்பு இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "வர்ற செவ்வாய்க்கிழமை கண்டிப்பா வந்துடுங்கம்மா."

இவரிடம் சொன்னேன். "அடுத்த மாசம்தான் எனக்கு லீவு. நீயே போயிட்டு வா. பஸ்லயே சமாளிச்சவ, கிளினிக் உனக்கு ஜுஜுபி."

ஜுஜுபியாம்! எப்படிச் சொல்றது இவர்கிட்ட? சொன்னா இத்தனை நாள் என்னத்துக்கு மறைச்சேங்கற கேள்வி. சொல்லலன்னா ஒத்தையா போகணும். ரெண்டு பக்கமும் கதவு, ரெண்டுக்கும் நானே பூட்டுப் போட்டு வெச்சிருக்கேன். குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து பயந்து, அவளுக்கு ஊசிகூட இல்லாம வெச்சிருக்கேனே. நான் என்ன அம்மா?

ஜூன் 20, வெள்ளி

ஒத்திகை பார்த்தேன். ஒரு தோளில் பை, இன்னொன்றில் உருண்டை. இரண்டாவது மாடி வரை. அங்கே அவள் ஒருமுறை இருமினாள். திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டு முடித்திருந்தார். உருண்டை ஸ்பூனைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு பஸ்ல காப்பாத்தினது நான் இல்ல. வேற ஒரு அம்மா. நான் கண்ண மூடிட்டு இருந்தேன்." மூன்று வாக்கியம். ஏழு மாதம்.

முதலில் கோபம்தான். "அப்ப நான் ஊர் பூரா என்னத்தப் பெருமை பேசிட்டு இருந்தேன்? என் சூப்பர்வைசருக்குக்கூடத் தெரியும்!" எழுந்து போய் டூல் பெட்டியைத் திறந்து, ஏற்கெனவே துடைத்திருந்த ஸ்பேனரையெல்லாம் மறுபடி துடைத்தார். நான் தட்டைக் கழுவினேன்.

அரை மணி கழித்து சமையலறை வாசலில் வந்து நின்றார். "அதுக்கு முன்னாடி பாப்பா என்ன பண்ணினா?"

"எதுக்கு முன்னாடி?"

"பால் ஏறறதுக்கு முன்னாடி. முகம் எப்படி மாறிச்சு?"

தெரியவில்லை என்றேன். அதுதான் நிஜம். தலையணையை எடுத்துவந்து தன் முன்கையில் கவிழ்த்துப் பிடித்தார். "இப்படியா பிடிச்சாங்க?" அதுவும் தெரியாது. போனில் ஒரு டாக்டரின் வீடியோவைப் போட்டுப் பார்த்து, இருவரும் மாறி மாறித் தலையணைக்கு முதுகு தட்டினோம். உருண்டைக்கு ஒரே சிரிப்பு.

ஜூன் 23, திங்கள்

புது ஆட்டம் ஆரம்பித்தேன். லெவல் 1. கையில் ஒரு குச்சி. ஆலை வீட்டைவிட்டு வெளியே வந்ததும் குளத்தோரம் அதே தவளை. இப்போது ஓர் அடியில் சாகவில்லை. என்னைக் கொன்றது! ஐந்து தடவை.

ஆறாவது தடவை பார்த்தேன். குதிப்பதற்கு முன்னால் அதன் தொண்டை உப்புகிறது. பச்சைத் தொண்டை, உப்பும்போது வெளிர் மஞ்சள். உப்பியதும் ஓர் எட்டு விலகினால் வெறும் தரையில் விழுகிறது.

நாலாயிரம் தவளைகள் அடித்திருப்பேன். ஒன்றின் தொண்டையையும் பார்த்ததில்லை.

சாயங்காலம் உருண்டை மசித்த ஆப்பிளை இரண்டு முறை கக்கினாள். இரண்டு முறையும் அதற்குச் சற்று முன் உதட்டை உள்ளே மடித்தாள், புருவத்துக்கு மேலே சிவந்தது. பத்து மாதமாக இப்படித்தான் செய்கிறாளா?

ஜூன் 24, செவ்வாய்

போய் வந்தோம்.

பெரிய பையை வாசலிலேயே வைத்துவிட்டேன். துணிப்பையில் ஒரு பாட்டில், இரண்டு துணி, அவளுடைய ஊசி அட்டை. இரண்டாவது மாடியில் கால் நின்றது. அவள் என் காதைப் பிடித்து இழுத்தாள். வலித்தது, நடந்தேன். பஸ்ஸில் ஜன்னலைப் பார்க்கவே இல்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு போனேன். எதிரே இருந்தவர் என்ன நினைத்திருப்பாரோ.

ஊசி போட்டதும் வீறிட்டாள். அழுது அழுது, சட்டென்று அழுகை அறுந்தது. உதடு உள்ளே மடிந்தது. புருவத்துக்கு மேலே சிவப்பு.

கை வேலை செய்தது. முன்கையில் கவிழ்த்துத் தலையைத் தாழ்த்திப் பிடித்து ஒரு தட்டு, இன்னொரு தட்டு. குடித்த பால் முழுவதும் நர்ஸின் செருப்பில் விழுந்தது. பிறகு அழுகை, நல்ல கணீர் அழுகை. மூச்சு நின்றிருக்குமா? தெரியாது. அந்த அளவுக்குப் போக விடவில்லை.

"எத்தனையாவது குழந்தைங்க?" என்றார் நர்ஸ், காலை உதறிக்கொண்டே.

"முதல் குழந்தை. செருப்பைக் கழுவித் தரேங்க."

"அதுக்குத்தான் ரப்பர் செருப்பு போடறோம். விடுங்க."

திரும்பும்போது பஸ்ஸில் ஆபீஸ் பை மாட்டியிருந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தேன். அந்தம்மா யாரென்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

இவர் போனில் முழுக்கக் கேட்டுவிட்டு, "இத நான் வெளியில சொல்லலாமா?" என்றார். செருப்பையும் சேர்த்துச் சொல்வதானால் சொல்லலாம் என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

கொழுந்தன் வந்ததும் டிவியைப் பார்த்தான். "லெவல் நாலா? அறுபது என்னாச்சு அண்ணி? அழிச்சிட்டீங்களா?"

"அழிப்பேனா? பத்திரமா இருக்கு. இவ பல் முளைச்சு ராத்திரி பூரா கத்தற நாளுக்கு அதுதான்."

"அப்ப நான் சொன்னது சரியா, தப்பா?"

"பாதி சரி" என்றேன். பாதிக்குக் குறைத்து அவனும் ஒப்புக்கொள்ளவில்லை, கூட்டி நானும் தரவில்லை.

வாசலோரம் பெரிய பையைக் காணாமல் இவர் பதறினார். உருண்டை அதற்குள் உட்கார்ந்து இரண்டாவது தெர்மாமீட்டரின் காலி உறையைக் கடித்துக்கொண்டிருந்தாள். மீதியையெல்லாம் அலமாரியில் எடுத்து வைத்துவிட்டேன்.

இன்று தவளைகள் மூன்று. காலையில் நானும் அவளும் கடைத்தெரு வரை போய் வந்ததில் அவ்வளவுதான் முடிந்தது.