நாற்பது வாட்டில் உன் பெயர்

என் பின்னலை வலிக்க வலிக்க இறுக்கிப் போட்டு, "படிக்கிற புள்ளைக்குத் தலை கலையக் கூடாது பாப்பா" என்று சொன்ன சரசாக்காவுக்கு,

நேற்று உன் முதல் வருஷத் திதி. வேலம்பாளையத்தில் உன் வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்கால பஸ்ஸில் கோயமுத்தூர் திரும்பினேன். இன்று காலை எழுந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் நான் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பிவிடுவேன்.

இறந்தவர்களுக்கு எழுதும்போது அன்பாக எழுத வேண்டும் என்பார்கள். அன்பு இருப்பதால்தான் இவ்வளவு எரிச்சல். இதை உன்னால் படிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். படிக்கக்கூடியவர்கள் சிலர் உன் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

உனக்கொரு செய்தி. உன் வீட்டுக்காரர், என் அருமை மாமா, உன் நினைவாக மாரியம்மன் கோயிலுக்கு ஓர் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் கொடுத்திருக்கிறார். குழாயின் வாயைச் சுற்றிச் சிவப்புப் பெயிண்டில் 'அமரர் சரஸ்வதி அம்மாள் நினைவாக' என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே 'உபயம்' என்று போட்டு, உன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அவருடைய பனியன் கம்பெனியின் பெயர். திதி கொடுத்துவிட்டு எல்லோரும் கோயிலுக்குப் போனோம். ஒரு வருஷமாகக் கோயில் வாசலை மிதிக்காத குடும்பம் அல்லவா, கூட்டம் நன்றாகவே இருந்தது.

உன் மகன் குமரேசன் முகமெல்லாம் பூரிப்பாக என் பக்கத்தில் வந்து நின்றான்.

"நாப்பது வாட்டுங்க சித்தி. அம்மா பேரு அவிநாசி ரோடு வரைக்கும் கேக்குமுங்க."

"உங்கம்மாவுக்கு எத்தனை வாட்டு வேண்டியிருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா குமரேசா?" என்று கேட்டேன்.

"ஏனுங்க சித்தி?" என்றான். கேலி இல்லை. நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. அதெல்லாம் நடந்தபோது அவன் ஹாஸ்டலில் இருந்தான். அவனும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் நடந்ததையெல்லாம் எழுதுகிறேன்.

உன் சமையலறைக்கு வலது பக்கச் சுவர்தான் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின் ஓடும் கொட்டகையின் சுவர். நீ கல்யாணமாகிப் போனபோது ஒரு மெஷின். பிறகு வரிசையாக வந்தன. ஒற்றைக்கல் சுவருக்கு அந்தப் பக்கம் அவை ஓட, இந்தப் பக்கம் நீ ஆட்களுக்குச் சோறு ஆக்கினாய். நான் வந்து பேசினால் முகத்தை வலப்புறம் சாய்த்து இடது காதைக் காட்டுவாய். வலது காது போய்விட்டதை நீ எனக்குச் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தேன்.

மாமா உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. கூப்பிட்டாலும் அந்த இரைச்சலில் கேட்காது. அதனால் சமையலறையில் ஒரு சிவப்பு பல்பு மாட்டி, அதற்கு ஸ்விட்சைக் கொட்டகையில் வைத்தார். ஒருமுறை மினுக்கினால் காபி. இரண்டு முறை மினுக்கினால் ஆள் வந்திருக்கிறது, இலை போடு. வருகிறவர்களிடமெல்லாம் அதை மெஷின் வாங்கிய பெருமையோடு காட்டுவார். நீயும் சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

உனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ரேடியோவில் கச்சேரி கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் நீ பாடியதைக் கேட்டவள் நான். ஆனால் உன் வீட்டில் கரண்ட் இருந்தால் மெஷின் ஓடும், முன்னறை ரேடியோவில் வருவது ஒன்றும் காதில் விழாது. கரண்ட் போனால் மெஷின் நிற்கும், கூடவே ரேடியோவும் நின்றுவிடும். இதைவிட ஒரு கொடுமையை யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். லீவுக்கு வந்த குமரேசனின் டிரான்சிஸ்டரில் குட்டி இயர்போனைச் செருகிப் பார்த்தாய். காதில் நிற்காமல் வழுக்கி விழுந்தது. நின்ற நேரத்திலும் மெஷின் சத்தம் அதற்கு மேல் ஏறிக்கொண்டது.

"நீ அதெல்லாம் காலேஜ்ல சொல்லிக் குடுக்கறவதானே? எனக்கு ஒண்ணு பாத்துக் குடு பாப்பா" என்று ஒரு நாள் கேட்டாய். எருமைப் பால் விற்றுச் சேர்த்த காசை முந்தானையில் முடிந்துகொண்டு கோயமுத்தூர் வந்தாய். வாழ்க்கையில் நீ எனக்குக் கொடுத்த ஒரே வேலை அது.

முதலில் காதுக்கு வேண்டியதைப் பார்ப்போம், சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைப் பிறகு பார்ப்போம் என்றேன். கடைக்காரர்கள் எப்போதும் பெட்டியில்தான் ஆரம்பிப்பார்கள். வெளிச் சத்தத்தை உள்ளே விடாத ஹெட்போன் கிடைத்துவிட்டால் ஆம்ப்ளிஃபயர் சின்னதே போதும். காதை மூடாத ஹெட்போனை வாங்கினால், மெஷினோடு போட்டி போட ரேடியோவின் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். மிச்சமிருக்கும் இடது காதும் அதோடு போய்விடும். காசு கொஞ்சம்தான் என்றால் முக்கால் பங்கைக் காதுக்குச் செலவழிப்பதே புத்திசாலித்தனம். பழைய சாமான் கடையில் பட்டாளத்து ஹெட்போன் ஒன்று கிடைத்தது. தடித்த ரப்பர் மெத்தை, காதை முழுக்க மூடுகிற கிண்ணம். மாட்டிப் பார்த்துவிட்டு, "பஸ் சத்தமெல்லாம் எங்க போச்சு?" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாய்.

பிறகு ரேடியோக் கடை. அந்த ஹெட்போனின் கம்பிச் சுருளுக்குப் பொருந்துகிற ஆம்ப்ளிஃபயர்தான் வேண்டும், பொருந்தாததில் மாட்டினால் சத்தம் சோகை பிடித்து வரும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் என்னைத் தாண்டி உன்னைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இத்தனை தூரம் வந்து இந்தச் சின்னப் பொட்டியையா எடுத்துட்டுப் போவீங்க? இதைப் பாருங்க, இருவது வாட்டு. ஒரு கொழாயைக் கட்டிவுட்டா அடுத்த ஊரு வரைக்கும் கேக்குமுங்க."

"அடுத்த ஊர்க்காரங்க அவங்கவங்க ஊட்ல கேட்டுக்குவாங்க. எனக்கு என் காதுக்குக் கேட்டாப் போதுமுங்க" என்றாய்.

அந்தக் கடையில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். உனக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

சின்னதையே வாங்கினோம். இரண்டு வால்வு, ஒரு திருகு. முன்னறை ரேடியோவிலிருந்து கம்பி இழுத்துச் சமையலறை அலமாரியில் அதை வைத்துக் கொடுத்தேன். கூட்டுவதும் குறைப்பதும் உன் கையில். அந்த வீட்டில் உன் இஷ்டத்துக்குத் திருகக்கூடிய பொருள் வேறு என்ன இருந்தது அக்கா?

முதல் நாள் சாயங்காலக் கச்சேரியை நீ கேட்டபோது நான் கூட இருந்தேன். ஹெட்போனை மாட்டி, திருகைக் கொஞ்சமாகத் திருப்பி, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாய். எனக்கு மெஷின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. உன் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. நான் பார்த்த கச்சேரிகளிலேயே நல்ல கச்சேரி அதுதான்.

கண்ணை மூடியதுதான் உன் குற்றம் என்று பிறகு தெரிந்தது. நான் ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் கல்கத்தாவிலிருந்து சரக்கு வாங்க ஒரு வியாபாரி வந்திருந்தார். மாமா ஸ்விட்சைப் போட்டார். மறுபடி போட்டார். காபி வரவில்லை. பல்பு உன் தலைக்கு மேலே எரிந்து எரிந்து அணைந்திருக்கிறது. உள்ளே வந்து கம்பியைப் பிடுங்கினார்.

"காதையும் அடைச்சுக்கிட்டுக் கண்ணையும் மூடிக்கிட்டா, இந்த ஊட்ல ஆளு இருக்குதுன்னு எப்படித் தெரியறது?"

இருபது வருஷத்துக்கு மேலாக அவருடைய மெஷின் உன் காதை அடைத்தது. அது அவருக்குக் குறையாகத் தெரியவில்லை. நீயாக அடைத்துக்கொண்டதுதான் குறை.

அடுத்த வாரமே ஆம்ப்ளிஃபயர் கொட்டகைக்குப் போனது. ஆட்களுக்குப் பாட்டுப் போட்டால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும் என்று யாரோ சொன்னார்களாம். ஒரு பெரிய ஸ்பீக்கரை அதில் கட்டினார்கள். மெஷின் சத்தத்தில் பாட்டு எடுபடவில்லை என்று திருகைக் கடைசிவரை திருப்பினார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் புகைந்து போயிற்று. ஒரு காதுக்காகத் தேர்ந்தெடுத்த பெட்டி அது. அதை எரித்துவிட்டு, "உங்க தங்கச்சி வாங்கிக் குடுத்தது வீக்கு" என்று உன்னிடமே சொன்னார்கள்.

நான் சண்டை போடக் கிளம்பி வந்தேன். நீ என்ன சொன்னாய்? "போவுது உடு பாப்பா."

அக்கா, மாமா மேல் இருக்கிற கோபத்தில் பாதி எனக்கு அந்த 'உடு' மேல் இருக்கிறது. பால் காசு உன்னுடையது. காது உன்னுடையது. ஏன் விட்டாய்? ஹெட்போனை ஆணியில் மாட்டிவிட்டு மறுபடி பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாயே, ஏன்? வேறொன்று வாங்கலாம் என்று நான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். தீபாவளி போகட்டும் என்றாய், குமரேசன் கல்யாணம் முடியட்டும் என்றாய். கல்யாணம் முடிந்தது. மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, "இங்க எத்தனை அமைதியா இருக்குது பாரு" என்றாய்.

நேற்றுக் கோயிலில் மாமா மைக்கை என் முன்னால் நீட்டினார். "அம்மிணி, நீங்க படிச்சவங்க. அக்காளைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க."

"தொண்டை சரியில்லீங்க மாமா" என்றேன். அந்த மைக்கில் எதைப் பேசினாலும் அது உபயத்துக்கு விளம்பரமாகிவிடும்.

வீட்டுக்குத் திரும்பியதும் நேராகச் சமையலறைக்குப் போனேன். ஹெட்போன் அதே ஆணியில் இருந்தது. தூசி இல்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கழற்றிப் பையில் வைத்தபோது உன் மருமகள் மல்லிகா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

"எடுத்துட்டுப் போறீங்களாங்க சித்தி?"

"உனக்கு வேணுமா?"

"என்னங்க?" என்று முகத்தை வலப்புறம் சாய்த்து இடது காதைக் காட்டினாள்.

அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இப்போது கொட்டகையில் நீ இருந்தபோது ஓடியதைவிட அதிக மெஷின்கள்.

குனிந்து அவள் காதருகே மறுபடி கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "வேலை முடிஞ்சப்புறம் சும்மா மாட்டிக்குவனுங்க. பாட்டு ஒண்ணும் வராதுதான். சத்தம் கொஞ்சம் கொறையுமுங்க. அத்தைதான் தொடச்சு வெச்சுக்கன்னு சொன்னாங்க."

ஆக, நீ முழுசாக விட்டுவிடவில்லை. இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?

ஹெட்போனை அவள் கையில் கொடுத்துவிட்டு மாமாவிடம் போனேன். மெஷின்களைத் தள்ளிப் போடுங்கள், இல்லையென்றால் சுவரையாவது இரட்டையாக எழுப்புங்கள், இந்தப் பெண்ணின் காதும் போய்க்கொண்டிருக்கிறது என்றேன்.

"பாக்கலாமுங்க அம்மிணி. இப்பத்தானே கோயிலுக்கு இத்தனை செலவாயிருக்குது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, குமரேசன் கொட்டகைக்குள் போய் ஸ்விட்சைத் தட்டினான். உள்ளே சிவப்பு பல்பு ஒருமுறை மினுங்கியது. மல்லிகா காபி டம்ளரை எடுத்தாள். உன் பிள்ளைதான் அக்கா. நல்ல பையன். அவனுக்கும் அது பழகிவிட்டது.

நான் சமையலறைக்குள் போய் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, முந்தானையால் பிடித்து அந்த பல்பைக் கழற்றினேன். சூடாக இருந்தது. மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ சித்தி!" என்றாள். அதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்று அந்த வீட்டில் நான் கேட்ட சத்தங்களில் அது ஒன்றுதான் உனக்குப் பிடித்திருக்கும்.

பல்பு இப்போது என் மேஜை மேல் விடைத்தாள்களுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நான் பஸ் ஏறுவதற்குள் அங்கே வேறு பல்பு மாட்டியிருப்பார்கள். அது தெரியாத அளவுக்கு நான் அசடு இல்லை.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, அந்த ஹெட்போனுக்குப் பொருந்துகிற சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றோடு வேலம்பாளையம் வருவேன். அதன் மேல் யார் பெயரும் இருக்காது. மெஷின் நகரும்வரை ஒவ்வொரு ஞாயிறும் வந்து மாமாவிடம் கேட்பேன். சாயங்காலக் கச்சேரி தொடங்கியதும் மல்லிகா கண்ணை மூடிக்கொள்ளட்டும். அவளாகக் கண்ணைத் திறக்கும்வரை நான் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். காபி வேண்டும் என்கிறவர்கள் கொட்டகையிலிருந்து எழுந்து நடந்து வந்து, என்னிடம் வாயைத் திறந்து கேட்கட்டும்.

இப்படிக்கு,
இந்த முறை விடப்போவதில்லை என்று இருக்கும் உன் தங்கை,
பாப்பா