தீப்பெட்டியில் முப்பத்தோரு முடி

நவ. 4, செவ்வாய். தூறல்.

முடி நட்டு இன்னியோட இருபது நாள். தினம் எத்தனை உதிருதுன்னு எழுதி வைங்கன்னார் டாக்டர். எழுதறேன். திட்டுறதையும் இதுலயே, வேற நோட்டு இல்ல.

தலகாணியில 9. துண்டுல 5. எல்லாம் பின்மண்டையில இருந்து புடுங்கி முன்னாடி நட்டது. இருந்த எடத்துலயே நிம்மதியா இருந்திருக்கும்.

கோமதி பெருக்கிக்கினே, "இன்னாயா, நாத்து சரியா ஊனலையா?" சிரிப்பு வேற. பொண்டாட்டியாச்சேன்னு விட்டேன்.

தீப்பெட்டி ஒன்னைக் காலி பண்ணி, பதினாலையும் உள்ள போட்டாச்சு.

5, புதன். மழை இல்ல, புழுக்கம்.

உதிர்ந்தது 17. மொத்தம் 31.

லேத் பட்டறையில குல்லாவைக் கழட்டல. மேஸ்திரிகிட்ட சளின்னேன். வேர்வை மூக்குல ஒழுகுது.

மேஸ்திரி எனக்குப் பெரிசில்ல. பயமே செல்வம்தான். தங்கச்சி புருஷன், கொரட்டூர். கல்யாணத்துல மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை வழுக்குதுன்னு மைக்குல சொன்னவன் நான். அவன் மண்டைக்கு அன்னிக்கு வச்ச பேரு பித்தளை. பதினஞ்சு வருஷமா அதான் கூப்புடறேன். அவன் முன்னாடி நானும் சொட்டையா நின்னா தொலைஞ்சேன்.

6, வியாழன். லீவு. ஆஸ்பத்திரி.

வரவேற்புல இருந்த பொண்ணு மேசையில தீப்பெட்டியை வச்சேன். "முப்பத்தோரு முடி. ஒன்னு கூட வீணாக்கல. திரும்ப நட்டுக் குடும்மா."

அந்தப் பொண்ணு வாயைப் பொத்திக்கினு உள்ள ஓடுச்சு. உள்ள இன்னும் ரெண்டு பேர் சிரிக்கற சத்தம். நாசமா போங்க.

டாக்டர்: "சார், முடிதான் கொட்டும். வேர் உள்ளயே இருக்கு. மூணு நாலு மாசத்துல வந்துரும்."

வேரைக் காட்டுங்கன்னேன். காட்ட முடியாதாம். காசு வாங்கும்போது மட்டும் எல்லாம் படம் போட்டுக் காட்டினானுங்க.

9, ஞாயிறு. செல்வம் வந்தான், குடும்பத்தோட.

வாசல்லயே, "இன்னா மச்சான், ஊட்டுக்குள்ள குல்லா?" புடுங்கிட்டான். பார்த்தான். சுத்தி வந்து பின்னாடியும் பார்த்தான். அப்புறம் தங்கச்சியைக் கூப்ட்டு, "உங்கண்ணன் தலையைப் பாரு. கடைசி பஸ் போன பஸ் ஸ்டாண்டு. அங்க ஒருத்தன், இங்க ஒருத்தன்."

"வேர் உள்ள கீதுடா பித்தளை."

"எனக்குந்தான் கீது மச்சான். பதினஞ்சு வருஷமா."

அவனுக்கு ரெண்டாவது தடவை கறி வைக்காதேன்னு கோமதிக்குக் கண்ணைக் காட்டினேன். வச்சா.

அவங்க போனப்புறம் அவ, "கவலப்படாதயா. வளரும். திருத்தணிக்கு வேண்டிக்கினு கீறேன்."

இன்னான்னு?

"முடி நல்லா வளந்து வந்தா, உனக்கு மொட்டை போடறேன்னு."

திரும்பக் கேட்டேன். அதையே சொன்னா. முகத்துல சிரிப்பே இல்ல.

"பால்குடம் கீல்குடம் எதுவும் தோணலயாடி?"

"முடியைக் கேட்டா முடியைத்தான்யா தரணும். செல்வம் அண்ணனும் கூட வராராம்."

கொட்டுனா அவன் சிரிப்பான். வளந்தா மலை மேல வந்து சிரிப்பான்.

21, வெள்ளி. விடாத மழை.

நட்டது மொத்தமும் போச்சு. எண்ணுறதை விட்டாச்சு. குல்லா இப்ப வண்டி துடைக்கற துணி. பார்க்க வேண்டியவனே பார்த்துட்டான், இனி யாருக்கு மறைக்க?

செல்வம் எவன்கிட்ட சொன்னானோ, பட்டறையில என் பேரு சின்னப் பித்தளை. கூப்ட்டா நானும் திரும்பிப் பாக்கறேன். வெக்கங்கெட்ட பொழப்பு.

பிப். 10, செவ்வாய். பனி.

ஷேவிங் பண்ணும்போது கண்ணாடியில பார்த்தேன். நெத்திக்கு மேல எறும்புக் கால் மாதிரி. அழுக்குன்னு தேச்சேன், போகல. குத்துது. ஒன்னு ரெண்டு இல்ல, வரிசையா.

டாக்டர் சொன்னது நெசம்தான். அந்தப் பொண்ணு சிரிச்சதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

வெளியில கோமதி: "இன்னாயா இவ்ளோ நேரம்? எதாச்சும் மொளைச்சிருக்கா? திருத்தணிக்குத் தேதி பாக்கணும்."

"ஒரு மண்ணும் இல்ல."

துண்டைத் தலையில கட்டிக்கினு வெளிய வந்தேன். வண்டியில கெடந்த குல்லாவை எடுத்து, சோப்பு போட்டு அலசி, கொடியில போட்டிருக்கேன்.

இன்னும் காயல.